நீ என்ன பாட்டு வாசிக்கிறே?

போன வருஷம் ஆடி மாதம் ஒரு பழைய கிதார் வாங்கினேன். சின்ன உடம்பு, பாலிஷ் மங்கியது. மேல்பலகை, பக்கம், முதுகு மூன்றுமே மகோகனி. விற்றவர் உறையிலிருந்து எடுக்கும்போதே, "ஆல் மகோகனி சார், சவுண்டு அப்படியே வார்மா இருக்கும்" என்றார். நானும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் வார்மாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த எட்டு மாதமும் எனக்கு ஒரே கேள்விதான். இந்த மரத்துக்கு எந்த ட்யூனிங் பொருந்தும்? பதினொரு ட்யூனிங் முயன்று பார்த்தேன். எது எப்போது, எந்தக் கம்பி எவ்வளவு இறக்கம், எப்படி ஒலித்தது என்று நோட்டில் எழுதிவைத்தேன். மூன்று முறை கம்பி அறுந்தது. அந்த எட்டு மாதத்தில் முழுசாக ஒரு பாட்டுக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. இது எனக்கு உறைத்ததே ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கிதாரைக் கொண்டுபோன அன்றுதான்.

"அண்ணே, ஆறாவது கம்பிய சி-க்கு எறக்குனா தொளதொளன்னு ஆகுது."

"ஆகத்தான் செய்யும் தம்பி. தடிமனான கம்பி போட்டுப் பாக்கலாம்."

"இந்த மரத்துக்கு எந்த ட்யூனிங்ணே நல்லா இருக்கும்?"

அவர் கிதாரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ என்ன பாட்டு வாசிக்கிறே?"

என்னிடம் பதில் இல்லை. கிதார் கையில் இல்லாத உங்களுக்கும் இந்தக் கதை பழக்கமானதாகத்தான் இருக்கும். நாவல் எழுதுவதற்கு முன்னால் எந்த ஆப்பில் எழுதலாம் என்று ஒரு வருடம் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நானும்தான். அண்ணனின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' இசைத்தொகுப்பைத் திரும்பவும் கேட்டேன். இத்தனை நாளும் அதைத் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஆனால் அதற்கு முன் இந்த மரத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

*

மகோகனி என்றால் நம்மூரில் இன்று வரப்போரம் நடுகிற மரக்கன்று நினைவுக்கு வரும். கிதார் உலகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த பெரிய இலை மகோகனி அது. வெட்டித் தீர்த்ததால் 2003 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. கிடைப்பது அரிதாகும்போது எந்தப் பொருளுக்கும் ஒரு புராணம் வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்தப் புராணம் பிற்காலத்தில் வந்ததுதான். மார்ட்டின் கம்பெனி 1922இல் மகோகனி மேல்பலகை போட்ட ஸ்டைல் 17 கிதாரை இரும்புக் கம்பியோடு விற்க ஆரம்பித்தபோது அது அவர்களுடைய விலை குறைந்த ரகம். வசதி உள்ளவர்கள் ரோஸ்வுட்டும் ஸ்ப்ரூஸும் வாங்கினார்கள். மகோகனி வாங்கியவர்கள் வேறு வழி இல்லாமல் வாங்கினார்கள். இன்று அதே ஒலியை 'வார்ம்', 'நேர்மையான ஒலி', 'மர வாசனை உள்ள ஒலி' என்றெல்லாம் வர்ணிக்கிறோம்.

இதில் உண்மையே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. மேல்பலகை மகோகனியாக இருந்தால் அடிப்படைச் சுரம் முன்னால் நிற்கும், மேலே எழும் நுண்சுரங்கள் அடங்கியிருக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். என் கிதாரை நண்பனின் ஸ்ப்ரூஸ் கிதாரோடு சேர்த்து வாசித்தால் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் முதுகு மரத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் 2018இல் ஒரு பெரிய அடி வாங்கியது. லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகும் பக்கமும் மட்டும் மாறுபடும் ஆறு கிதார்களைச் செய்வித்தார்கள். விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் முதல் மகோகனி வரை அதில் உண்டு. 52 கிதார் கலைஞர்கள் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் அவற்றை வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் வந்தது.

இதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. அந்த வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டிருந்தால் நான் 'வார்ம்' என்று சொல்லியிருப்பேனா? விற்றவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால்? மரத்தை நான் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கேட்டதுதான் அதிகம்.

*

மரத்தைப் போல அல்ல ட்யூனிங். அது மாறினால் ஒலி மாறத்தான் செய்யும், கணக்கும் கையில் இருக்கிறது. கிதாரின் வழக்கமான ட்யூனிங் தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதிலிருந்து ஒரு கம்பியை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் அதன் இழுவிசை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைகிறது. நான்கு அரைச்சுரம் இறக்கினால் 37 சதவீதம். ஈ-யிலிருந்து சி-க்கு இறக்கிய என் ஆறாவது கம்பி ஏன் தொளதொளத்தது என்பதற்கு இதுவே போதும். அதோடு அந்தக் கீழ் சி நொடிக்கு 65 அதிர்வு. கிதாரின் உடம்புக்குள் இருக்கும் காற்று 100 அதிர்வு வாக்கில்தான் நன்றாக ஒத்ததிரும். அதற்குக் கீழே போகப் போக அடிப்படைச் சுரத்தைப் பெட்டி சரியாக வெளியே தள்ளாது. மேலே உள்ள நுண்சுரங்களை வைத்து நம் காது அதை ஊகித்துக்கொள்கிறது. நுண்சுரம் அடங்கிய சின்ன மகோகனிப் பெட்டியில் அந்த ஊகமும் கலங்கிவிடுகிறது. அண்ணன் 53 கம்பியைக் கழற்றிவிட்டு 56 போட்டார். பாதி சரியானது.

அடுத்த சிக்கல் காந்தாரம். கச்சேரி கேட்டவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். தம்புராவின் மந்தரக் கம்பி நன்றாகச் சேர்ந்திருந்தால், யாரும் மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது ஷட்ஜத்தின் ஐந்தாவது நுண்சுரம். கிதாரில் ஃப்ரெட்டுகள் சம அளவில் பிரித்த பன்னிரண்டு சுரத்துக்கு அடித்தவை. அந்தக் கணக்கில் வருகிற காந்தாரம் சுயம்பு காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல், அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. நான்காவது கம்பியை சி-க்கும் முதல் கம்பியை ஈ-க்கும் ட்யூனரைப் பார்த்து வைத்து, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். கீழ்க் கம்பியின் ஐந்தாவது நுண்சுரம் 654 அதிர்வு. மேல் கம்பியின் இரண்டாவது நுண்சுரம் 659. இரண்டும் நொடிக்கு ஐந்து முறை உரசிக்கொள்ளும். ட்யூனரில் பச்சை விளக்கு எரியும், காதில் மட்டும் ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மேஜர் கார்டு திறந்தே இருக்கும்படி வைக்கும் 'ஓப்பன்' ட்யூனிங்குகளில் ஒரு தீர்மானம் எடுத்தாக வேண்டும். காந்தாரத்தைக் காதுக்குச் சேர்த்தால் விரல் வைக்கும் இடங்களில் பிசகும். ஃப்ரெட்டுக்குச் சேர்த்தால் திறந்த கம்பி உறுத்தும். என் மகோகனியில் அந்த உறுத்தல் நண்பனின் கிதாரைவிடக் குறைவாகவே கேட்கிறது. மேல் நுண்சுரங்கள் அடங்கியிருப்பதால் சண்டையும் தணிந்த குரலில் நடக்கிறது. மகோகனிக்கு ஏற்ற ட்யூனிங் எது என்ற கேள்விக்கு எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பதில் இது. ரொம்பக் கீழே போகாதே, காந்தாரம் உள்ள ட்யூனிங்குக்குப் பயப்படாதே. இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. இதில் இசை எங்கே இருக்கிறது?

*

ட்யூனிங்கை மாற்றிய முக்கியமானவர்கள் யாரும் மரத்துக்காக மாற்றவில்லை. அவரவருக்கு ஒரு தேவை இருந்தது. டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவில் ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க விரும்பினார். ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. நம் கணக்கில் ச ப ச ம ப ச. 'டாட்கேட்' என்று இன்று உலகம் முழுக்க அழைப்பது இதைத்தான். இதில் காந்தாரமே கிடையாது. மேஜரா மைனரா என்று சொல்லாமல் நிற்கும். மேற்கத்திய கார்டு இல்லாத ஒரு இசைக்குப் பக்கத்தில் உட்கார அவருக்கு அந்த மௌனம் தேவைப்பட்டது.

ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. இடது கை பலவீனம். வழக்கமான ட்யூனிங்கில் விரல்களை மடக்கிப் பிடிக்க வேண்டிய கார்டுகளை அவர் கம்பிகளுக்குள்ளேயே வைத்துவிட்டார். பிறகு தன் மனதில் இருந்த சிக்கலான கார்டுகளுக்காகப் புதுப்புது ட்யூனிங்குகளைத் தேடினார். அவை ஐம்பதைத் தாண்டின. மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றியே களைத்துப்போய், 1990களின் நடுவில் சுருதியைத் தானே மாற்றித் தரும் ரோலண்ட் விஜி-8 கருவிக்குப் போனார். இதற்கு நேர் எதிர்முனையில் பியர் பென்சூசான். அவர் பல பத்தாண்டுகளாக டாட்கேட் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதுதான் அவருடைய 'ஸ்டாண்டர்ட்'.

ஒருவர் ஐம்பதுக்கு மேல், ஒருவர் ஒன்றே ஒன்று. இரண்டுமே சரிதான். இருவருக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

*

நிக் டிரேக் 1948இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். 1974 நவம்பரில் 26 வயதில் இறந்தார். மூன்று தொகுப்புகள். இரண்டாவதான 'பிரைட்டர் லேட்டர்' அட்டையில் அவர் மடியில் ஒரு சின்ன மகோகனிக் கிதார் இருக்கிறது. கில்ட் எம்-20 என்று கிதார்க்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். நான் மகோகனி வாங்கியதற்குப் பாதிக் காரணம் அந்தப் படம். அட்டையில் இருக்கும் கிதார்தான் இசைத்தட்டிலும் ஒலிக்கிறது என்பதற்கு ஒரு புகைப்படம் சாட்சியாகாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது தொகுப்பு 'பிங்க் மூன்'. 1971 அக்டோபரில் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் இரண்டு இரவுகளில் பதிவானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும். குரல், கிதார், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. 11 பாட்டுகள், 28 நிமிடம். 1972 பிப்ரவரியில் வந்தபோது யாரும் பெரிதாக வாங்கவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ஒரு ஃபோக்ஸ்வாகன் விளம்பரம் அதன் விற்பனையைத் தூக்கிவிட்டது.

இதைச் சாகப்போகிறவனின் கடிதமாகத்தான் எல்லோரும் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன், இரவு ஒரு மணிக்கு, ஹெட்போனில், என் சொந்தத் துக்கங்களை அதன் மேல் போர்த்திக்கொண்டு. அண்ணனின் கேள்விக்குப் பிறகு தலைப்புப் பாட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். அவர் வாசிப்பதைக் காட்டும் படச்சுருள் ஒன்றுகூட இல்லை. காதால் கேட்டுப் பலர் பல வருடம் உழைத்துக் கண்டுபிடித்த ட்யூனிங் இது: சி, ஜி, சி, எஃப், சி, ஈ. கேபோ இரண்டாவது ஃப்ரெட்டில்.

நம் சுரத்தில் சொன்னால் ச ப ச ம ச க. வழக்கமான ட்யூனிங்கிலிருந்து இதற்கு வரக் கீழ் நான்கு கம்பிகளும் இறங்குகின்றன. ஆனால் இரண்டாவது கம்பி அரைச்சுரம் ஏறுகிறது. முதல் கம்பி அசையாமல் இருக்கிறது. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு இருட்டுக்குள் இறங்குகிற ட்யூனிங் இல்லை இது. கணக்குப் போட்டு வைத்தது. டாட்கேட் தவிர்த்த காந்தாரம் இங்கே உச்சியில் திறந்து கிடக்கிறது. அதோடு மத்திமமும் நடுவில் திறந்து கிடக்கிறது. அரைச்சுரம் மட்டுமே இடைவெளி உள்ள இரண்டு சுரங்களை வேறு வேறு ஸ்தாயியில் வைத்து, விரலே வைக்காமல் சேர்ந்து ஒலிக்க விட்டிருக்கிறார். கீழே மத்திமம் இன்னும் எங்கோ போக வேண்டும் என்கிறது. மேலே காந்தாரம் வந்து சேர்ந்துவிட்டேன் என்கிறது. அந்தப் பாட்டின் சொற்களில் இருக்கும் அமைதியான எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். பாதி இந்த இரண்டு கம்பிகளிலிருந்து வருகிறது.

பிறகு வலது கை. தலைப்புப் பாட்டில் வருடல் என்பதால் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. 'ரோட்' பாட்டுக்குப் போனால் கட்டைவிரல் ஒரு பக்கம் கடிகாரம் மாதிரி ஓட, மற்ற விரல்கள் அதன் குறுக்கே வேறொரு கணக்கில் பின்னிக்கொண்டு போகின்றன. ஒரு சுரம்கூட உரசவில்லை, பிசிறவில்லை. நான் ஒரு மாதம் முயன்று முதல் எட்டு நொடியைத் தாண்டவில்லை. 'நோ' பாட்டில் ஒரே சின்னத் தொடர் திரும்பத் திரும்ப, அதன் மேல் முனகல், கைப்பிடி அளவு சொற்கள். அத்தனை குறைவாக வைத்துக்கொள்வதற்கும் துணிச்சல் வேண்டும். 'ஹார்ன்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை, பாட்டே இல்லை, கிதார் மட்டும். கடைசிப் பாட்டான 'ஃப்ரம் த மார்னிங்' விடியலைப் பற்றியது. அதன் வரி ஒன்றுதான் அவர் கல்லறைக் கல்லில் இருக்கிறது. சாவுக் கடிதம் என்று முடிவுகட்டியவர்கள் அந்தக் கடைசிப் பாட்டை என்ன செய்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

நோய் இருந்தது. அந்த வருடங்களில் அவர் கடுமையான மனச்சோர்வில் இருந்தார். இதை நான் மறுக்கவில்லை. நோய் அவருக்கு 'ரோட்' பாட்டின் கட்டைவிரலைக் கொடுக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். அதைக் கொடுத்தது பல்லாயிரம் மணிநேரப் பயிற்சி. இரண்டு இரவில் 11 பாட்டைப் பதிவுசெய்ய முடிந்தது என்றால், அதற்கு முன்பே எல்லாம் கையில் தயாராக இருந்திருக்க வேண்டும். நொறுங்கிப்போன மனிதன் ஒருவன் வந்து தன்னைக் கொட்டிவிட்டுப் போனதாக நாம் சொல்லிக்கொள்ளும் கதையில் இந்த உழைப்புக்கு இடமில்லை.

அந்த உழைப்புக்கு அவர் விலையும் கொடுத்தார். கிளப்புகளில் வாசிக்கும்போது பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்ற வேண்டும். பேசவும் வராது. தலை குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பார், எதிரே பீர் குடிக்கிற கூட்டம் சளசளக்கும். 1970க்குப் பிறகு மேடையை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஜோனிக்கு அந்த இடைவெளியில் சொல்லக் கதைகள் இருந்தன, பிற்காலத்தில் கருவி வந்தது. இவருக்கு இரண்டும் இல்லை. வேறு கலைஞனாக இருந்தால் எல்லாப் பாட்டையும் ஒரே ட்யூனிங்குக்கு மாற்றிச் சமாளித்திருப்பான். டிரேக் பாட்டை விட்டுக்கொடுக்காமல் கூட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாம் ட்யூனிங்கின் மகிமை என்று கிளம்புகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அவருடைய ஆகச்சிறந்த பாட்டு என்று பலரும் சொல்வது 1969இல் வந்த 'ரிவர் மேன்'. ஐந்து எண்ணிக்கைத் தாளம். நம் ஆட்கள் உடனே கண்ட நடை என்று தொடை தட்டுவார்கள். அது சாதாரண ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ.

*

நம் இலக்கியத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. 1984இல் 33 வயதில் இறந்த ஆத்மாநாமின் கவிதைகளை, இறந்த தேதியிலிருந்து பின்னோக்கித்தான் நிறையப் பேர் வாசிக்கிறோம். அவருடைய நக்கலும், சொல்லை எண்ணி வைக்கும் கறாரும் அந்த வாசிப்பில் நழுவிவிடுகின்றன. எழுதியவனின் துக்கத்தை நாம் மகோகனி மாதிரிப் பாவிக்கிறோம். நல்ல மரம், அதனால்தான் இந்த ஒலி என்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டால் அவன் என்ன செய்தான் என்று உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. நாமும் எதையும் செய்து பார்க்க வேண்டியதில்லை. துக்கம் நம்மிடமும்தான் நிறைய இருக்கிறதே.

இப்போது கிதாரை ச ப ச ம ச க-விலேயே வைத்திருக்கிறேன். மூன்று மாதமாயிற்று. 56 கம்பி இருந்தும் கீழ் சி கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கிறது, பழகிவிட்டது. மழை வந்தால் பலகை ஈரம் குடித்துக் கம்பி உயரம் கூடுகிறது, சுருதியும் நகர்கிறது. ட்யூனரில் ஷட்ஜத்தை மட்டும் வைத்துவிட்டு, காந்தாரத்தைக் காதால் ஒரு மயிரிழை இறக்கிக்கொள்கிறேன். தலைப்புப் பாட்டை முழுசாக வாசிக்க வருகிறது. 'ரோட்' இருபது நொடி வரை.

போன வாரம் அண்ணன் கடைக்குப் போயிருந்தேன். "என்ன தம்பி, ட்யூனிங் கெடச்சுதா?" என்றார்.

"பாட்டு கெடச்சுதுண்ணே" என்றேன்.

"வாசி பாப்போம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். வாசித்தேன். பாதியில் கட்டைவிரல் தடுமாறியது. "அந்த எடத்த மட்டும் மெதுவா நூறு தடவ வாசி" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு வேறொரு கிதாரின் பிரிட்ஜை ஒட்டப் போய்விட்டார்.